கீல் இடுக்கில் ஒரு கூடு

பழைய ரோமாபுரியில் ஒரு கோயில் கதவு இருந்தது. போர் நடக்கும் காலமெல்லாம் அது திறந்தே இருக்கும். போர் ஓய்ந்தால்தான் சாத்துவார்கள். பத்து வருஷமாக அசையாத அந்தக் கதவின் கீல் இடுக்கில் ஒரு சிட்டுக்குருவி அடைகாத்துக்கொண்டிருந்தது.

ஒரு காலையில், "போர் ஓய்ந்தது! கதவைச் சாத்துங்கள்!" என்று ஊரே திரண்டு வந்தது.

குருவி பதறியது. "ஐயோ கதவண்ணே, நீ அசைந்தால் என் முட்டைகள் நசுங்கிவிடுமே!"

"சாத்த வருகிறவர் ஒருவரா, இருவரா? பார்த்துச் சொல்."

"இரண்டு தளபதிகள்."

"அப்படியானால் பயமில்லை, தங்கச்சி."

"வென்றவன் நான், நானே சாத்துவேன்!" என்றார் ஒருவர். "என் படை வராவிட்டால் நீ ஏது?" என்றார் மற்றவர். பேச்சு முற்றி, இருவரும் வாளை உருவினார்கள். மாலைக்குள் நகரமே இரண்டு படையாகப் பிரிந்து நின்றது.

"அடுத்த முறையும் இங்கேயே முட்டையிடு" என்றது கதவு.