ஈட்டி முனையில் கிடந்தவன்

"குத்துடா! என்ன யோசனை? குத்திட்டு எந்திரி!"

பெரியவர் ஜூமானா கூலிபாலி நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். திரையில் ஒரு வீரன் ஈட்டியை ஓங்கியபடி நின்றான். அவன் காலடியில் கைதி கிடந்தான். ஊரின் தானியக் களஞ்சியத்தைக் கொளுத்தியவன். அந்தத் தீயில் வீரனின் தம்பியும் போய்விட்டான்.

"குத்தினா என்ன ஆகும்னு நேத்தே பாத்தோமேப்பா," என்றான் மகன் பூராமா. செகூ ஊரில் ஆற்றுக்குப் போகும் தெருவில் இருக்கும் அந்த வீடியோ விளையாட்டுக் கடை அவனுடையதுதான். பக்கத்துச் சுவரில் அவனுடைய ஊன்றுகோல் சாய்ந்திருந்தது. "கைதியோட பிள்ளைங்க வளந்து வந்தாங்க. ஊரே சாம்பல்."

"அப்ப விட்டுட வேண்டியதுதானே?" எதிரே பணியாரம் சுடும் தெனின் ஜாரா கரண்டியோடு வந்து நின்றாள். "விட்டா ஊரு பொழைக்குது."

"ஊரு பொழைக்குது. பெத்தவ?" என்றார் தையல்காரர் நூஹூம் திராவோரே. "அவன விட்டதும் வீரனோட அம்மாக்காரி சோத்துச் சட்டியத் தூக்கிக்கிட்டு வீட்ட விட்டே போறாளே, அதுக்கு என்ன சொல்ற?"

அந்த முடிவை அவர்கள் ஒரு தடவை பார்த்திருந்தார்கள். அந்தத் தாய் திரும்பியே பார்க்காமல் மணலில் நடந்தாள். அவள் மிதித்த இடமெல்லாம் கம்பு முளைத்தது. தொலைக்காட்சிப் பெட்டியைச் சுத்தமாக நம்பாத பெரியவர்கூட அன்றைக்குத் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

"உனக்கென்னய்யா தெரியும், தட்டப்பயறு தின்னி!" என்றாள் தெனின்.

"நானா? பயறுப் பானை காலியானா உங்க ஜாரா வீட்டுலதான் ஒப்பாரி கேக்குது!"

எல்லோரும் சிரித்தார்கள். திராவோரே குலத்துக்கும் ஜாரா குலத்துக்கும் கேலிமுறை; பயறு தின்னி என்பதுதான் அதில் வழக்கமான ஏச்சு. பாட்டன் காலத்துக் கட்டு அது. முறைக்காரன் ஏசினால் கோபம் வரக்கூடாது. பதிலுக்கு ஏசிவிட்டால் முறையை ஏற்றதாக அர்த்தம். அதற்குப் பிறகு அவன் ரத்தத்தை இவன் சிந்தக்கூடாது. அவன் கேட்டதை இல்லை என்றும் சொல்ல முடியாது.

தெனின் சிரிப்பை நிறுத்தினாள். "பெரியவரே, நாளைக்கு நீதிமன்றத்துலயும் குத்துன்னுதான் சொல்லப்போறீங்களா?"

பூராமாவின் காலை வாங்கிய லாரிக்காரனுக்கு நாளைக்கு வழக்கு. வீட்டுத் தலைவர் மன்னித்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் அவன் பிழைப்பான். இல்லாவிட்டால் ஜெயில்தான். கால் போன பூராமாவே மன்னித்துவிட்டான். அப்பன் மசியவில்லை. இமாம் வந்து பேசினார். லாரிக்காரன் வீட்டிலிருந்து மன்னிப்புக் கேட்டுக் கோலாக் கொட்டை வந்தது. பெரியவர் பொட்டலத்தைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பினார். அந்த வீட்டுக்காரர்கள் வாசலில் நின்று கூப்பிட்டபோது கதவைச் சாத்திவிட்டுக் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டார்.

"குத்துன்னுதான் சொல்லுவேன்."

"அவன் மூஞ்சியையாவது பாத்திருக்கீங்களா?"

"எதுக்குப் பாக்கணும்? அவன் குரலே எங்காதுல விழக்கூடாது." பெரியவர் எரிச்சலோடு தொலைக்காட்சிக்குப் பின்பக்கம் எட்டிப் பார்த்தார். "டேய், அந்த வயரு திரைச்சீலைக்குப் பின்னால எங்கடா போகுது?"

"கரண்டுக்குப்பா."

"எதையும் நம்ப முடியல இந்தக் கடையில."

பூராமா கையிலிருந்த கன்ட்ரோலரை நீட்டினான். "இந்தாங்க, நீங்களே முடிங்க. சிவப்புப் பொத்தான் குத்தும். பச்சை விட்டுடும்."

அதைத் தொட்டதே இல்லை அவர். தேளை வாங்குவதுபோல வாங்கினார். கட்டைவிரல் சிவப்பின் மேல் போய் நின்றது.

"ஓய், கூலிபாலி!"

குரல் பெட்டியிலிருந்து வந்தது. கைதியின் குரல்.

"ஈட்டியப் பிடிக்கிற லட்சணத்தப் பாரு! பயறு கிண்டுற கரண்டின்னு நெனச்சியா, தட்டப்பயறு தின்னி?"

தெனினின் கரண்டி கீழே விழுந்தது. நூஹூம் "பிஸ்மில்லா" என்று முணுமுணுத்தார். பெரியவர் கைதியையே பார்த்தார். இத்தனை நாள் வாய் திறக்காத பொம்மை அது.

"எம்பேரு இதுக்கு எப்படிடா தெரியும்? நீ... நீ யாருடா?"

"கெய்ட்டா. உன் எஜமான்."

கூலிபாலிக்கும் கெய்ட்டாவுக்கும் கேலிமுறை என்பது செகூவில் ஆட்டுக்குட்டிக்குக்கூடத் தெரியும். பெரியவரின் புத்தி விழிக்கும் முன்னே நாக்கு கிளம்பிவிட்டது.

"எஜமானா? எங்க பாட்டன் வீட்டுல அடுப்பு ஊதின பயலுங்கடா நீங்க! நீ தின்ன பயறுல ஆறே நாறுது!"

சொல்லிவிட்டுச் சிரித்தார். மகனுக்குக் கால் போன பிறகு அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பிறகு அந்தப் பெட்டியை, பள்ளிவாசல் படியில் நிற்பவர்போல, அடக்கமாகப் பார்த்தார்.

"அல்லாவோட வேலை. பெட்டிக்குள்ள இருந்தாலும் கெய்ட்டா கெய்ட்டாதான். முறைக்காரன் ரத்தத்துல நான் கை நனைக்க மாட்டேன். பொழச்சுப் போடா."

பச்சையை அழுத்தினார். ஈட்டி தாழ்ந்தது.

"மன்னிச்சது மன்னிச்சதுதானேப்பா?" என்றான் பூராமா.

"கூலிபாலி வாக்குடா!"

திரைச்சீலை விலகியது. வயரின் மறுமுனையில் இருந்த மைக்கை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, முழங்காலால் நகர்ந்து வந்தான் மோதிபோ கெய்ட்டா. பூராமாவின் காலை வாங்கிய லாரிக்காரன்.

பெரியவரின் கை சட்டென்று காதுக்குப் போனது. பஞ்சு வீட்டில் இருந்தது.