அளவு தப்பிய கதவு

இருட்டியதும் பின்கதவுக்கு வெளியே அந்தச் சத்தம் மறுபடியும் கேட்டது. யாரோ மூக்கடைத்துக்கொண்டு மூச்சு வாங்குவதைப் போல. அப்புறம் பலகையில் நகம் இழுபடும் சத்தம்.

கரடி. எண்ணெய் வாசனைக்கு வருகிறது என்றார்கள்.

மழையில் ஊறி ஊறி அந்தக் கதவின் கீழ்ப்பலகை உளுத்துப்போயிருந்தது. தாழ்ப்பாளும் இல்லை. அம்மிக்கல்லைக் கதவோடு நகர்த்தி வைத்தேன். பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கான்வென்டில் சொல்லிக்கொடுத்த ஜெபங்களை எல்லாம் வரிசை மாற்றிச் சொன்னேன். என் வீட்டுக்காரர் நெல்சன் எஸ்டேட் லாரி ஓட்டுகிறவர். பாதி ராத்திரிகள் கொச்சி ரோட்டில்தான்.

விடிந்ததும் லெஸ்லி துரையிடம் ஓடினேன். எங்கள் கீழ் கோத்தகிரி எஸ்டேட்டின் மேனேஜர். ரிட்டயர் ஆகப் போகிறவர். பங்களா ஷெட்டில் சொந்தமாக ஒரு படகு கட்டிக்கொண்டிருந்தார்.

மலைமேல் படகா என்று ஊரே சிரித்தது. நேரில் பார்த்தால் சிரிப்பு வராது. பக்கத்தில் பக்கத்தில் ஒல்லியாக இரண்டு படகுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு டீசல் எஞ்சின். இரண்டையும் சேர்க்கும் தளம், அதன்மேல் ஒரு சின்னக் கேபின்.

"அகலமா ஒத்தைப் படகு கட்டினா மேட்டுப்பாளையம் ரோட்டு வளைவுல லாரி திரும்பாது. இது ரெண்டாக் கழண்டு ரெண்டு லாரியில போகும்" என்பார் துரை.

கொச்சியில் இரண்டையும் மறுபடி சேர்த்துப் பூட்டி, மனைவி மெட்டில்டாவோடு கடலோரமாகவே கோவா வரைக்கும் போகப் போகிறாராம். வீடே அதுதானாம். பாத்திரம் சரிந்து விழாத அடுப்பு மேடை, அலை அடித்தாலும் திறந்துகொள்ளாத அலமாரி, எல்லாம் அவர் கையால் வரைந்தவை. ஒரு பக்கம் தண்ணீர்த் தொட்டி என்றால் மறுபக்கம் அதே கனத்துக்கு டீசல் தொட்டி.

வரைந்ததை மரமாக்கியவர் முத்துவேல் அண்ணன். சிலோன் எஸ்டேட் ஒன்றில் மரவேலை பார்த்தவர். குடும்பத்தோடு கப்பலேறித் திரும்பி வந்தவர்.

"என்ன தபித்தாள்?" என்றார் துரை.

"பின்கதவுக்குக் கரடி வருதுங்க. ஒரு பலகையும் தாழ்ப்பாளும் போட்டுக் குடுத்தீங்கன்னா..."

"கம்பெனி சாங்ஷன் வரட்டும்."

"அதுக்குள்ள கரடி உள்ளயே வந்துருமுங்க."

"உனக்கு ஒண்ணு போட்டா, நாளைக்கு லைன்ல இருக்கிற அத்தனை வீட்டுக்காரங்களும் இங்க வந்து நிப்பாங்க. இது என் சொந்தத் தேக்கு. ஒரு சீவல்கூட வெளிய போகாது."

படகுக்கு இருக்கிற மதிப்பு என் பிள்ளைக்கு இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினேன்.

சாயங்காலம் முத்துவேல் அண்ணன் வந்தார். நகக் கீறலைப் பார்த்தார். கையிலிருந்த சணல் கயிற்றைக் கதவு நிலையில் மேலும் கீழுமாகப் பிடித்தார்.

"என்ன அண்ணே பாக்குறீங்க?"

"எவ்வளவு ஒசரம் எட்டுதுன்னு பாக்குறேன் தங்கச்சி. ஒங்களவிடப் பெரிய ஆளு."

அடுத்த வாரம் கேபின் கதவு தயார். ஹெட் கிளார்க் லூயிஸ் வேடிக்கை பார்க்க வந்திருந்தார். ஷெட் பக்கத்து வேலியில் துணி காயப்போடும் சாக்கில் நானும் நின்றேன்.

முத்துவேல் அண்ணன் கதவைத் தூக்கி நிறுத்தினார். அது கேபின் கூரையைத் தாண்டி ஒரு முழம் உயரமாக நின்றது.

லூயிஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஏனுங்க முத்துவேல், நீங்க வந்த கப்பலுக்கு மாடி இருந்துச்சுங்களா?"

"நான் எங்கங்கய்யா பாத்தேன். தலைமன்னார்ல ஏறுனதுலருந்து ராமேஸ்வரம் வரைக்கும் குனிஞ்சு வாந்திதான் எடுத்தேன்."

துரையின் முகம் சிவந்தது. "இத்தனை நாள் நூல் பிசகாம செஞ்சவனுக்கு ஒரு கதவு அளவு தெரியலையா மேன்? நல்ல தேக்கைப் பாழாக்கிட்டியே."

"ஒரு முழத்தை அறுத்துட்டாப் போச்சுங்க" என்றார் லூயிஸ்.

"அறுக்க ஏலாதுங்கய்யா. சட்டத்தோட மூட்டு விட்டுப்போகும்."

"கனமும் ஜாஸ்தி. படகு சாயும்" என்றார் துரை. "இது வேஸ்ட். கேபினுக்குத் திரை போதும். இதை என் கண்ணுல படாம எங்கயாவது கொண்டுபோய்ப் போடு."

"சிலோன்காரனை நம்பிக் குடுத்தா இப்படித்தானுங்க" என்றார் லூயிஸ்.

முத்துவேல் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

பொழுது சாயும் நேரத்தில் அந்தக் கதவை முதுகில் சுமந்துகொண்டு என் வீட்டுப் பின்பக்கம் வந்தார். பழையதைப் பெயர்த்துவிட்டுப் புதியதை நிலையில் நிறுத்தினார். இழைப்புளியைத் தொடவே இல்லை. அந்த நிலைக்கென்றே பிறந்ததைப் போல உட்கார்ந்தது.

எனக்கு அப்போதுதான் அந்தச் சணல் ஞாபகம் வந்தது.

"எனக்காகவா இத்தனை பேச்சு வாங்கினீங்க? தொரைக்குத் தெரிஞ்சா உங்க வேலை போயிருமே அண்ணே."

அவர் மடியிலிருந்து ஒரு பித்தளைத் தாழ்ப்பாளை எடுத்தார். கேபினுக்காகக் கொச்சியிலிருந்து வரவழைத்தது.

"அன்னிக்குச் சணலக் கையில குடுத்து அனுப்பினதே தொரைதான் தங்கச்சி. லூயிஸ் ஐயாவுக்குத் தெரிஞ்சா லைன் முழுக்கத் தெரிஞ்சுரும், அதனால அவர் முன்னால ஏசுவேன், மனசுல வச்சுக்காதேன்னு மொதல்லயே சொல்லிட்டார். மெட்டில்டா அம்மாதான் பாவம், கோவா வரைக்கும் திரைதான்."

கடைசித் திருகாணியை முடுக்கிவிட்டு நிமிர்ந்தார்.

"கடல் உப்புக்கே துருப்பிடிக்காதாம் இது. கரடிக்கும் தாங்கும்னு ஒங்ககிட்டச் சொல்லச் சொன்னார்."

இருட்டியதும் அதே மூச்சு கேட்டது. அம்மிக்கல்லைத் தேடாமல் எழுந்து, உள்ளேயிருந்து தாழ்ப்பாளைப் போட்டேன்.