சங்கு பிடித்த கை

பகல் காட்சி, பாதி அரங்கு காலி. திரையில் புராணத்துச் சூப்பர் ஹீரோ எட்டுக் கையோடு பேருருவம் எடுக்கிறார். அந்தப் பொன் வெளிச்சம் என் மகள் முகத்தில் வழிகிறது. அம்மாவோடு தனியாக இருப்பவள், இன்றைக்கு மட்டும் என்னிடம் வந்திருக்கிறாள். இந்தக் காட்சியின் படப்பிடிப்பில் ஹீரோவின் முதுகுக்குப் பின்னால் நாங்கள் மூன்று பேர் ஒட்டி நின்று கையை நீட்டினோம். சங்கைத் தூக்கியவன் நான். முகமே தெரியாத வேஷம். என் முகத்துக்கு அதுதான் பொருத்தம் என்றார்கள், நானும் தலையாட்டினேன். "எதுப்பா உன் கை?" என்கிறாள் மகள். "சங்கு வச்சிருக்கு பாரு, அது." சொன்ன பிறகுதான் சரியாகப் பார்க்கிறேன். சங்கைப் பற்றிய ஐந்து விரலும் மெழுகு போல நேராக இருக்கின்றன. என் சுண்டுவிரல் பிறவிக் கோணல். என்னை அழித்துவிட்டு, கம்ப்யூட்டரில் நல்ல கையாக ஒன்றை வரைந்திருக்கிறார்கள். மகளோ பக்கத்து இருக்கைக்காரரின் தோளைத் தட்டுகிறாள். "அங்கிள், அது எங்கப்பா கை! இவருதான்!" அவர் திரையைப் பார்த்துவிட்டு, இருட்டில் குனிந்து என் மடியில் கையைத் தேடுகிறார். நான் இரண்டு கையையும் தொடைக்கடியில் செருகிக்கொள்கிறேன். முன்வரிசையில் யாரோ கைதட்டுகிறார்கள். "கேக்குதாப்பா?" என்று காதோரம் சாய்கிறாள் மகள். "உனக்குத்தான் தட்டுறாங்க."