அடிவண்டல்

நான்காவது பாட்டிலும் வெடித்ததும் லேலண்ட் நிலவறைப் படியில் உட்கார்ந்துவிட்டான்.

மூடிய கதவுக்குப் பின்னால் கண்ணாடிச் சில்லுகள் சுவரில் பட்டு உதிர்ந்தன. கதவிடுக்கில் நுரை வழிந்தது. பீருக்கு மணமும் கசப்பும் தரும் ஹாப்ஸ் பூவின் வாசனை, ஆரஞ்சுத் தோலும் பைன் பிசினும் சேர்ந்த மாதிரி. கடையில் கிடைக்காமல் போன அந்த பீரை அச்சு அசலாகக் காய்ச்சியிருந்தான்.

வெடிப்பதுதான் அசலில் இல்லாதது.

மேலே சமையலறையிலிருந்து மனைவி கொரீன் கத்தினாள். "எல்லாம் வெடிச்சு ஓயட்டும், விடு! ஒரு பீருக்காக எவனாவது கண்ணைக் குடுப்பானா?"

அவள் சொல்வது சரி. வீட்டில் பீர் காய்ச்சும் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். பாட்டிலுக்குள் ஈஸ்ட் அடங்காமல் போனால் அது குண்டு. கிட்டே போகாதே.

அவனுக்கு ஒரு பாட்டில் வேண்டும். ஒன்றே ஒன்று. பின்கதவு வழியாகக் கொண்டுபோய்ப் பனியில் புதைத்துவிட்டால், குளிரில் அடங்கிவிடும்.

ஆணியில் அண்ணன் கிளைட்டின் ஹாக்கி முகமூடி தொங்கியது. எடுத்து மாட்டினான். அவன் தலைக்குப் பெரிது. அதன் கம்பிகளுக்கு நடுவே ஐஸ் ஹாக்கியின் ரப்பர் வட்டு நுழையாது, சில்லு நுழையும்.

மூத்திரம் முட்டியது.

"உள்ள போனேன்னு வை, ஆம்புலன்ஸ நீயேதான் கூப்பிட்டுக்கணும், கிறுக்கா!"

திறந்தான். முழங்கால் உயரத்தில் இன்னொன்று வெடித்தது. கன்னத்தில் ஏதோ சுட்டது. நிற்காமல், கைக்கு எட்டிய பாட்டிலைப் பிடுங்கி வயிற்றோடு அணைத்துக்கொண்டு பின்கதவை உதைத்தான். பாட்டிலின் மூடி மெல்லச் சீறிக்கொண்டிருந்தது. சீறல் நின்றால் வெடிக்கப்போகிறது என்று அர்த்தமா, அடங்கிவிட்டது என்று அர்த்தமா, அவனுக்குத் தெரியவில்லை.

கழுத்து வரை பனியில் புதைத்தான். தள்ளிப்போய் விழுந்தான்.

போன கோடையில் வந்த வெள்ளத்தோடு அந்த பீர் ஆலையை மூடிவிட்டார்கள். அதன் ஈஸ்ட் இனி எங்கும் கிடைக்காது. கிளைட்டின் ஃப்ரிட்ஜில் ஒரு டின் மட்டும் இருந்தது. அதன் அடிவண்டலில் இருந்துதான் லேலண்ட் ஈஸ்ட்டை வளர்த்தெடுத்தான்.

திறக்காத டின்னாக இருந்திருந்தால் ஒரு பாட்டிலும் வெடித்திருக்காது.

கிளைட் அதைத் திறந்து, பாதி குடித்து, மீதியை மறுநாளைக்கு வைத்திருந்தான். மறுநாள் அவன் எழுந்திருக்கவில்லை.

வாய் வைத்த டின்னிலிருந்து ஈஸ்ட் எடுக்கக் கூடாது. எச்சிலோடு போகிற கிருமி சாகாது. இருக்கிற சர்க்கரையையெல்லாம் தின்று வாயுவை விட்டுக்கொண்டே இருக்கும்.

லேலண்டுக்கு அது தெரியும். தெரிந்தேதான் எடுத்தான்; அண்ணன் வாய் வைத்ததில் அது ஒன்றுதான் மிச்சம்.

பனிக்குள் பாட்டில் இன்னும் சீறியது. தவழ்ந்து கிட்டே போனான். முகமூடியைக் கழற்றிவிட்டு, மூடியருகே காதை வைத்தான்.