பின்னால் வந்த கூடை

ஒலிவெட் ஈரப்பலாக் காயைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள். வைத்த மறு நொடியே பின்னாலிருந்து ஒரு கை நீண்டு அதே காயை எடுத்தது, அவளைப் போலவே தட்டிப் பார்த்தது, அதே இடத்தில் வைத்தது.

ஓரக்கண்ணால் பார்த்தாள். மஞ்சள் துணியைத் தலையில் கட்டிய இளம்பெண். போன சனிக்கிழமையும் இவள்தான் இதே பனையோலைக் கூடையோடு செயின்ட் ஜார்ஜஸ் சந்தை முழுக்கத் தன் பின்னாலேயே சுற்றியவள்.

சனிக்கிழமைச் சந்தையில் ஒலிவெட்டை யாரும் அவசரப்படுத்த முடியாது. ஒரு இளநீர் குடித்து, கடைக்குக் கடை நின்று ஊர்க்கதை கேட்டு, மறுநாள் கடற்கரையில் விற்கும் ஆயில் டவுன் என்ற கூட்டுக்கு வேண்டியதைப் பொறுக்கியெடுக்க அவளுக்கு அரை நாள் வேண்டும். ஈரப்பலாவும் சேம்பிலையும் உப்பு மீனும் தேங்காய்ப்பாலில் வெந்து, பால் சுண்டி எண்ணெய் பிரியும் அந்தப் பானைக்காக ஞாயிற்றுக்கிழமை தட்டோடு ஆட்கள் வரிசையில் நிற்பார்கள்.

அந்த வரிசை இப்போது மெலிந்துகொண்டே வந்தது. கொஞ்சம் தள்ளி மேவிஸ் என்பவள் புதிதாக அடுப்பு மூட்டியிருந்தாள். அவள் பானையிலிருந்து வரும் வாசனை தன் பானை வாசனையாகவே இருப்பதை ஒலிவெட் மூக்காலேயே கண்டுபிடித்து வைத்திருந்தாள். எப்படி என்றுதான் தெரியாமல் இருந்தது.

"கார்மெல், அந்த மஞ்சத் துணிய நீ எங்கயாவது பாத்திருக்கியா?" என்று காய்காரியிடம் மெதுவாகக் கேட்டாள்.

கார்மெல் எட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். பேச்சோடு பேச்சாக, கரியாகு தீவுக்குப் போன ஜெரோனிடமிருந்து ஏதாவது சேதி உண்டா என்றும் கேட்டு வைத்தாள். அடுப்படியில் கூட நிற்க மாட்டேன் என்று அம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டு கப்பலேறிய மகன் அதன்பின் ஒரு போன்கூடப் பண்ணவில்லை. ஒலிவெட் காதில் விழாதவள் போலப் பூசணிக் கீற்றை எடுத்து முகர்ந்து பார்த்தாள்.

அடுத்த கடையில் பச்சை மஞ்சளில் ஒல்லிக் கிழங்காகப் பார்த்து எடுத்தாள். அந்தப் பெண்ணும் ஒல்லியாகவே பொறுக்கினாள். ஒலிவெட் தேங்காயைக் காதருகே வைத்து ஆட்டினாள். பின்னாலும் ஒரு தேங்காய் ஆடியது.

வெண்டைக்காய் மட்டும் ஒலிவெட் தனக்கென்று வாங்குவது. அதைக் கண்டு முகம் சுளிக்க வீட்டில் இப்போது ஆளில்லை என்பதால் இஷ்டம்போல ஆக்கித் தின்கிறாள். நுனியை ஒடித்துப் பார்த்து ஒரு கை அள்ளிக்கொண்டு திரும்பினால், அந்தப் பெண் வெண்டைக்காய்க் குவியலைத் தொடக்கூட இல்லாமல் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள்.

ஆயில் டவுனில் வெண்டைக்காய் சேராது என்று தெரிந்து வைத்திருக்கிறாள். சந்தேகமே இல்லை, மேவிஸ் அனுப்பிய ஆள்தான்.

நேராகக் கார்மெல் கடைக்குத் திரும்பினாள். மூலையில் தோல் கறுத்து, கொழகொழவென்று பழுத்து, இனிப்பு வாடை அடிக்கும் ஈரப்பலா இரண்டு கிடந்தன. அதில் ஒன்றை ஆசையாகத் தடவிப் பார்த்துக் கையில் எடுத்தாள்.

"இதையா? பன்னிக்குப் போடலாம்னு ஒதுக்கி வச்சிருக்கேன்டி" என்றாள் கார்மெல்.

"வாயை மூடிக்கிட்டுக் குடு."

நாலு எட்டு நடந்து, ஜாதிக்காய்க் கடை மறைவில் நின்று பார்த்தாள். மஞ்சள் துணிக்காரி ஓடி வந்து மிச்சமிருந்த பழத்தை வாங்கி, யாராவது பிடுங்கிக்கொள்ளப் போகிறார்கள் என்பது போலக் கூடைக்குள் பத்திரப்படுத்தினாள்.

நாளைக்கு மேவிஸ் பானையில் என்ன ஆகும் என்று நினைத்ததும் ஒலிவெட்டுக்குச் சிரிப்பு வந்தது. பேசாமல் வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் இத்தனை நாள் ஏமாந்த ஆத்திரம் அவளைப் போக விடவில்லை. அந்தப் பெண் ஜாதிக்காய்க் கடையைக் கடக்கும்போது குறுக்கே வந்து நின்றாள்.

"மேவிஸ் உனக்கு என்ன தர்றா?"

பெண் திடுக்கிட்டுக் கூடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "மேவிஸா? எனக்கு இந்த ஊர்ல யாரையும் தெரியாதுங்க."

"அப்ப எதுக்கு என் வாலைப் புடிச்சிக்கிட்டே அலையிற? அந்தப் பழத்தைப் போட்டா சட்டியில கூழுதான் மிஞ்சும். நீ வாங்கணும்னுதான் நான் வாங்கினேன். போய்ச் சொல்லு உன் எஜமானிகிட்ட."

பதிலுக்குச் சண்டைக்கு வருவாள் என்று இடுப்பில் கை வைத்துக் காத்திருந்தாள் ஒலிவெட். அந்தப் பெண்ணோ குனிந்து கூடைக்குள் பார்த்தாள். போன வாரமும் இப்படித்தான், ஒன்று விடாமல் பார்த்துப் பார்த்து வாங்கி, கப்பலில் கொண்டுபோய்ச் சமைத்தும் ருசி சரியாக வரவில்லை, இரண்டு வாய்க்கு மேல் தட்டில் கை படவில்லை என்று முணுமுணுத்தாள்.

"யாருக்குச் சரியா வரல?" ஒலிவெட் விடவில்லை.

அந்தப் பெண் தலைத்துணியின் முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"உங்க மகனுக்குத்தான், அத்தை."