வெளியே சொல்லாத பத்தியம்

பிச்சையாவின் பாதத்தில் பச்சைத் தழையை அரைத்து அப்பியிருந்தது. கட்டுத்துணியில் தேன் கசிந்து ஈ மொய்த்தது.

யார் போட்டது என்று நர்ஸ் சுமலதா கேட்கவில்லை. கவுஞ்சி ஊரில் தழைக்கட்டு போடுவது ஒரே ஆள்தான். கேரட் காட்டுக்குக் கூலிக்குப் போகும் இராசாத்தி.

மண்வெட்டி பட்ட புண். சர்க்கரை உடம்பு. இரண்டு வாரத்தில் ஆறாவிட்டால் பாதத்தை எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லி, இன்றோடு இரண்டு வாரம். மாத்திரையையோ இந்த மனுசர் தொட்டதே இல்லை. சுமலதா கொடுத்த அட்டைகள் அரிசிப் பானைக்குள் பிரிக்காமல் கிடந்ததை அவளே பார்த்திருக்கிறாள்.

"கெளம்புங்க. ஆஸ்பத்திரி வண்டி ரோட்டுல நிக்குது."

"பத்தியத்துல இருக்கேன் தாயி. பாதியில முறிச்சா தழை பிடிக்காதாம். இன்னும் பதினோரு நாள் கெடக்கு."

"என்ன பத்தியம்?"

"வெளிய சொல்லக் கூடாது."

சுமலதா விறுவிறுவென்று கேரட் காட்டுக்கு இறங்கினாள். அத்தனை பெண்களுக்கும் நடுவே வைத்து இராசாத்தியைப் பிடிபிடியென்று பிடித்தாள். கால் போனால் யார் பொறுப்பு என்றாள். மத்தியானமே போலீசுக்கு எழுதிக் கொடுப்பேன் என்று, பையிலிருந்த வெள்ளைத் தாளை எடுத்துக் காட்டினாள்.

இராசாத்தி கேரட்டில் ஒட்டியிருந்த மண்ணை உதறினாள்.

"கட்டைப் பிரிச்சுப் பாத்தீகளா நர்சம்மா?"

பார்க்கவில்லை.

இருவரும் திரும்பி வந்தார்கள். இராசாத்தி வெந்நீரை ஆற வைத்துத் துணியை நனைத்துப் பிரித்தாள். சுமலதா மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

நாற்றம் இல்லை. சீழ் இல்லை. சிவந்த சதையைச் சுற்றிப் புதுத்தோல் ஏறியிருந்தது.

பிச்சையாவின் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தாள். போன மாதம் முந்நூற்று எண்பது. இப்போது நூற்று நாற்பத்திரண்டு. நம்பாமல் அடுத்த விரலிலும் குத்தினாள். பெரிய வித்தியாசம் இல்லை.

"தழையும் தேனும் புண்ணை ஆத்தலாம். சர்க்கரை எப்படிக் குறைஞ்சுச்சு? அந்தப் பத்தியம் என்னன்னு இப்பச் சொல்லியாகணும்."

பிச்சையா இராசாத்தியைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள்.

அவர் மடியிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்தார். முக்கால்வாசி காலி. அதன் முதுகில் 'காலை, இரவு' என்று எழுதியிருந்தது சுமலதாவின் கையெழுத்துதான்.

"மாத்திரைன்னா அண்ணன் முழுங்க மாட்டாரு. பத்தியம்னா ஒரு வேளை தப்ப மாட்டாரு" என்றாள் இராசாத்தி.

சுமலதா வண்டியைத் திருப்பி அனுப்பினாள். பிறகு அந்த வெள்ளைத் தாளை மடியில் விரித்து, ஏழு பெயர்களை எழுதி இராசாத்தியிடம் நீட்டினாள்.

"இவங்களும் மாத்திரையைத் தொட மாட்டேங்கிறாங்க. கொஞ்சம் பத்தியம் சொல்லுங்கக்கா."