புஹாரி முதலாளி ஒதுங்க மாட்டார்

“ஏய், ஒதுங்கு!”

மோட்டார் கார் வந்த வேகத்தில் புஹாரி முதலாளி ஒதுங்கவில்லை, பாய்ந்தார். பாய்ந்த இடம் ரோட்டோர முட்புதர்.

பதுளைக் கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் பெரிய மனுஷன். ஹாலிஎலயில் தங்கச்சியைப் பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் நடந்து திரும்புகிறவர், இப்படிப் புதருக்குள் மல்லாந்து கிடந்தால் கோபம் வராதா? காரோட்டி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சிரித்த மாதிரியும் இருந்தது.

முட்களிலிருந்து தன்னைப் பிய்த்து எடுத்துக்கொண்டு எழுந்தார். உருண்டு கிடந்த துருக்கித் தொப்பியைத் தட்டித் தலையில் வைத்தார்.

“கார் நேத்து வந்தது. மனுசன் ஆதம் நபி காலத்தில இருந்து நடக்கிறான். ரோடு யாருக்குச் சொந்தம்?” என்று கேட்டார்.

பதில் சொல்ல அங்கே யாரும் இல்லை. ஆகவே வாதத்தில் அவரே ஜெயித்தார்.

இனி எந்தக் காருக்கும் ஒதுங்குவதில்லை என்று அந்த இடத்திலேயே ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. நட்டநடு ரோட்டில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார்.

கொஞ்ச தூரம் போயிருப்பார். பின்னால் இன்னொரு கார்.

“பாம்! பாம்!”

முதலாளி அசையவில்லை. நடை மட்டும் கொஞ்சம் வேகமானது. அதை அவர் யாரிடமும் சொல்லப் போவதில்லை.

மறுபடி ஹார்ன் கேட்கவில்லை. கார் வேகத்தைக் குறைத்து, அவர் பின்னாலேயே மெல்ல ஊர்ந்து வந்தது.

“மொதலாளி...” காரோட்டியின் குரல் தணிந்து வந்தது.

திரும்பிப் பார்த்தால் பாதித் தோல்வி. திரும்பாமலே கையை உயர்த்தினார். “பேசாதே! ஒதுங்கேலா!”

“இல்லீங்க மொதலாளி, ஒரு விசயம்...”

“ஒரு விசயமும் இல்ல. அவசரம்னா நீ எறங்கி நட!”

முதலாளி முன்னால், கார் பின்னால். எதிரே வந்த மாட்டு வண்டிக்காரன் வாயைப் பிளந்தான். முதலாளி அவனுக்கு ராஜாவைப் போலத் தலையசைத்தார்.

காருக்கும் பின்னாலிருந்து பெண்களின் பேச்சும் சிரிப்பும் கேட்டன. கடைக்கு வரும் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள்தான். அவர்களும் பார்க்கட்டும் என்று இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தார்.

மதிய லுஹர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசலில் இந்தக் கதையை எப்படி ஆரம்பிப்பது, எந்த இடத்தில் நிறுத்தி மூச்சு விடுவது என்றெல்லாம் யோசித்து வைத்துக்கொண்டார்.

டவுன் நெருங்கியதும், வென்றது போதும் என்று நின்று திரும்பினார். காரோட்டியைப் பார்த்தால் தெரிந்தவன். ஹாலிஎலப் பக்கத்துத் தோட்டத்து துரையின் டிரைவர் மாரிசாமி.

“எப்படி? நடந்து போறவனுக்கும் மரியாத இருக்குன்னு வெளங்கிச்சா?”

மாரிசாமி இறங்கி ஓடி வந்து அவர் காதோரம் குனிந்தான்.

“கோவிச்சுக்காதீங்க மொதலாளி. ஒங்க இடுப்புச் சாரம் பின்னால மேலருந்து கீழ வரைக்கும் கிழிஞ்சு கெடக்குங்க.”

முதலாளியின் கை பின்னால் போனது. போன கை திரும்பி வரவில்லை. கிழியவே கிழியாது என்று தன் வாயாலேயே கூவி விற்கிற சாரம் அது.

“எங்க தோட்டத்துப் பொம்பளைங்க கூட்டமா வர்றாங்க. எல்லாம் ஒங்க கடையில சேல எடுக்கறவங்க. அதான் நடுவுல காரை விட்டு மறைச்சுக்கிட்டே வந்தேன். ஹார்ன் அடிச்சா என்னமோ ஏதோன்னு எட்டிப் பாப்பாங்க, அதையும் நிறுத்திட்டேன்.”

“ஒன்ட தொர?”

“கிளப்புல காத்துக்கிட்டு இருப்பாரு. ஏசத்தான் ஏசுவாரு. பரவாயில்லீங்க.”

புஹாரி முதலாளிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இந்த நல்ல மனுஷனையா வழி நெடுகத் தோற்கடித்துக்கொண்டு வந்தோம்!

“தம்பி, என்னக் கட வாசல்ல விட்டுரு” என்று கெஞ்சாத குறையாகக் கேட்டு, காரில் ஏறிக் குறுகி உட்கார்ந்தார்.

கடைவீதிக்குள் நுழைந்ததும் கார் மறுபடி ஊர ஆரம்பித்தது. நடு ரோட்டில் யாரோ ஒருவர் வேட்டியும் துண்டுமாக ஆடி அசைந்து போய்க்கொண்டிருந்தார். இரண்டு பக்கக் கடைக்காரர்களும் காருக்குள் எட்டிப் பார்க்கத் தொடங்கினார்கள்.

முதலாளிக்குப் பொறுக்கவில்லை.

“ஹார்ன அடி மாரிசாமி! ரோடு என்ன இவன்ட வாப்பாட சொத்தா?”

மாரிசாமி ஹார்னைத் தொடவில்லை.

“அவரு வேட்டி கிழியலதான் மொதலாளி” என்றான். “இருந்தாலும் அவரும் கொஞ்ச தூரம் ஜெயிச்சுட்டுப் போகட்டுமே!”